மழையில் நின்ற பழைய பைக் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அணைகிறது, எத்தனால் பெட்ரோல்தான் காரணமா?

வாசல்வண்டி: 2012 மாடல் கார்புரேட்டர் பைக். ஊருக்குப் போயிருந்ததால் ஐப்பசி மழை முழுக்க வாசலிலேயே நின்றது. இப்போது சோக் போட்டு உதைத்தால் பிடிக்கிறது, ஆக்சிலரேட்டரைத் திருகியதும் அணைந்துவிடுகிறது. பிளக் மாற்றியாகிவிட்டது. எல்லாம் பெட்ரோலில் கலக்கிற எத்தனால் என்ற ஆல்கஹால் செய்கிற வேலை, கார்புரேட்டரையே மாற்றணும் என்கிறார் மெக்கானிக். மைலேஜும் முன்பு போல இல்லை. மாற்றத்தான் வேண்டுமா?

ஸ்பானர்பை: அவசரப்படாதீங்க. கார்புரேட்டருக்கு அடியில் உள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருகிற பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் கொஞ்ச நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காக நின்றால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு சேர்த்து வைத்துக்கொள்ளும், அளவு மீறினால் இரண்டும் சேர்ந்தே பெட்ரோலை விட்டுப் பிரிந்து கீழே போய்விடும், இன்ஜினுக்கு முதலில் போவதும் அந்த அடித்தண்ணீர்தான். மேலே புது பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கப் பார்க்காமல் டேங்க் முழுவதையும் இறக்கிவிடுங்கள். டேங்க் மூடியைச் சுற்றி மழைநீர் வடிய ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அது அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கொல்லிமலை ரைடர்: மெக்கானிக் சொல்வதிலும் பாதி சரி. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளில் பலவற்றின் ரப்பர் பாகங்கள் 20 சதவீத எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோலுக்கென்று செய்தவை அல்ல, நாளாவட்டத்தில் ஊதும், விரிசல் விடும். பெட்ரோல் குழாயையும் ஓ ரிங்குகளையும் எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பரில் மாற்றினால் போதும். அப்புறம் மைலேஜ்: எத்தனாலில் வெப்ப ஆற்றல் பெட்ரோலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். பழைய இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. அதற்கு மேல் நிறைய குறைந்தால் கோளாறு வேறெங்கோ.

வாசல்வண்டி: இவ்வளவு தொல்லை இருக்கையில் எதற்குக் கலக்கிறார்கள்?

தீவனக்கடை, நாமக்கல்: கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைக்க. எத்தனால் தருகிற கரும்பு மறுபடி விளையும், எண்ணெய்க் கிணறு ஊறாது. பிரேசில் 1975இல் திட்டம் போட்டு இன்று 30 சதவீதம் கலக்கிறது, ஆனால் அங்கே வண்டிகளை அதற்கேற்பவே தயாரிக்கிறார்கள். நம் ஊரில் கரும்புப்பாகுக் கழிவோடு நிற்காமல் மக்காச்சோளமும் ஆலைக்குப் போகிறது, கோழித்தீவன விலை ஏறுகிறது. பாகு வரைக்கும் முழுக்க ஆதரிக்கிறேன், தீவனத்தில் கை வைப்பது சரியில்லை. பழைய வண்டிக்காரர்களுக்குப் பங்கில் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலையும் தனியாக விற்கணும்.

வாசல்வண்டி: பாட்டிலில் அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கலங்கலாக நின்றது. மூடி ஓட்டையில் சேறு. டேங்கை இறக்கிக் காயவைத்துப் புது பெட்ரோல் ஊற்றினேன், இப்போது சோக் இல்லாமலே ஓடுகிறது. குழாயும் ஓ ரிங்கும் இந்த வாரம் மாற்றிவிடுகிறேன். இறக்கிய பெட்ரோலை என்ன செய்வது?

ஸ்பானர்பை: சாக்கடையில் மட்டும் ஊற்றாதீங்க. கேனில் இறுக்க மூடி ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள், பழைய ஆயில் எடுக்க வருகிறவர்களிடம் சேர்த்துவிடுவார்கள்.