தஞ்சை ஏரோடிராம்: போர்க்கால ஆவணத்தை எந்தப் பெயரில் தேடுவது?

வடவாற்றங்கரை:
புதுக்கோட்டை சாலைப் பக்கம் இப்போது விமானப்படைத் தளமாக இருப்பது இரண்டாம் உலகப்போர்க் கால ஏரோடிராம். போருக்குப் பிறகு பல காலம் புதர் மண்டிக் கிடந்தது, நடுவில் வாயுதூத் என்ற உள்நாட்டு விமான நிறுவனத்தின் விமானம் கொஞ்ச நாள் வந்து நின்றுபோனது, இதெல்லாம் ஊரறிந்த சங்கதி. போர்க்காலத்தில் அங்கே என்ன நடந்தது என்பதற்கு ஆவணம் வேண்டும். லண்டன் கியூவில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகப் பட்டியலில் ஊர்ப் பெயரைப் போட்டால் உருப்படியாக ஒன்றும் வரவில்லை. சர்வே ஆஃப் இந்தியாவின் 58 என்/1 வரைபடத் தாளிலும் தளத்தைக் காணோம். அதோடு, நெல் விளைகிற சீமையில் அந்த இடத்தை ஏன் பிடித்தார்கள்?

புதுஆறு:
தாள்தான் தவறு. 58 என்/1 தெற்கே 10°45′ அட்சரேகையோடு முடிந்துவிடும். பெரிய கோயில் அதில் வரும், தளம் வராது. தளம் 10°43′ வாக்கில் இருக்கிறது, ஆகவே 58 என்/2 எடுங்கள். ஆனால் இப்போது பொதுமக்களுக்குக் கிடைக்கும் தாள்களில் ராணுவ இடங்களை நீக்கிவிட்டுத்தான் அச்சிடுகிறார்கள். அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 1950-களில் போட்ட 1:2,50,000 வரிசை டெக்சாஸ் பல்கலைக்கழக இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

இடம் பற்றி: அது நெல் வயலே இல்லை. 1934-இல் மேட்டூர் அணையோடு வந்த கல்லணைக் கால்வாயை, நம் புது ஆற்றை, தாண்டித் தெற்கே போனால் வல்லம் மேடு. செம்மண், அடியில் செம்பாறாங்கல். மழை பெய்த மறுநாளே கால் பதியாது. வடக்கே இருக்கும் களிமண் ஐப்பசி கார்த்திகையில் ஊறி உப்பும், சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் கான்கிரீட் போட்டால் பலகை பலகையாக விலகிவிடும். இங்கே போர்க்காலத்தில் நின்ற வெல்லிங்டன் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் சுமையேற்றினால் கிட்டத்தட்ட 13 டன். அதற்கு மேட்டு நிலம்தான் தாங்கும்.

ஓடுபாதை எண்:
தளத்தின் பெயரை விடுங்கள், அங்கே இருந்த ஸ்குவாட்ரனின், அதாவது விமானப்படைப் பிரிவின், எண்ணைப் பிடியுங்கள். பிரிட்டிஷ் விமானப்படையின் 36-ஆவது ஸ்குவாட்ரன் 1942 மார்ச்சில் ஜாவாவில் அழிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் தஞ்சாவூரில்தான் அதைத் திரும்ப உருவாக்கினார்கள். வெல்லிங்டன் விமானங்களோடு வங்கக்கடலில் நீர்மூழ்கி தேடும் ரோந்து அதன் வேலை. 1943 ஜூனில் அல்ஜீரியாவுக்குப் போய்விட்டது. ஸ்குவாட்ரன் நாட்குறிப்புகள் கியூ காப்பகத்தின் ஏர் 27 (AIR 27) வரிசையில் இருக்கின்றன, இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ஊர்ப் பெயரைத் தேடத்தான் வேண்டுமென்றால் ‘டாஞ்சூர்’ (Tanjore) என்ற பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலைப் போடுங்கள்.

அந்த நாட்குறிப்பில் இரண்டு படிவம் இருக்கும். படிவம் 540 நாள்வாரிச் சுருக்கம். 541-இல்தான் எந்த விமானம், யார் யார், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம் எல்லாம் இருக்கும். பலர் 540-ஐ மட்டும் படித்துவிட்டு ‘ரோந்து நடந்தது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு.

வல்லம் சாலை:
நிலம் யாருடையது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அதைத்தான் யாரும் எழுதுவதில்லை. போர்க்காலத்தில் 1939 இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அரசு நிலத்தைத் தற்காலிகமாகவும் எடுக்கலாம், அப்போது பட்டா உடையவர் பேரிலேயே நிற்கும். 1894 சட்டப்படி ஆர்ஜிதம் செய்தால் உரிமையே மாறிவிடும். எந்தப் புல எண் எந்த வகை என்று பிரித்துப் பார்க்காமல் ‘பிரிட்டிஷ்காரன் பிடுங்கிக்கொண்டான்’ என்று எழுதக்கூடாது.

தாலுகா அலுவலகத்தில் யுடிஆருக்கு (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) முந்தைய அ பதிவேடும் (புல எண்வாரி நில விவரப் பதிவேடு) புலப்படமும் கேளுங்கள். யுடிஆரில் உட்பிரிவுகள் மாறியிருக்கும், இன்றைய எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் வேறு நிலத்தில் போய் நிற்பீர்கள். தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். மனுவை வருவாய்த் துறைக்கே போடுங்கள். தளத்துக்குப் போட்டால் பாதுகாப்பு விதிவிலக்கு, பிரிவு 8(1)(அ), என்று திரும்பி வரும். 20 ஆண்டு கடந்த தகவலுக்கான சலுகையும் இந்த விலக்கைத் தளர்த்தாது. அரசாணைகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம்.

வடவாற்றங்கரை:
மிக்க நன்றி. 541-இல் இருக்கும் நேரத்தை அப்படியே நம் நேரமாக எடுக்கலாமா? வேலிப் பக்கம் போய்ப் பழைய கான்கிரீட்டைப் படம் எடுக்கலாமா?

ஓடுபாதை எண்:
நேரத்தை அப்படியே எடுக்காதீர்கள். 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை இந்தியாவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்திருந்தார்கள், கிரீன்விச்சுக்கு ஆறரை மணி கூடுதல். பக்கத்தின் தலைப்பில் கிரீன்விச் நேரமா, உள்ளூர் நேரமா என்று பார்த்து, கிரீன்விச் என்றால் ஆறரை மணி கூட்டுங்கள். இன்றைய ஐந்தரையைக் கூட்டினால் அன்றைய கடிகாரம் காட்டியதைவிட ஒரு மணி குறைவாக வந்துவிடும்.

படம் வேண்டவே வேண்டாம், டிரோன் நினைக்கவே வேண்டாம். 2013 மே 27 முதல் முழு அளவிலான விமானப்படை நிலையம், 2020 ஜனவரியிலிருந்து சுகோய்-30 ஸ்குவாட்ரன் நிற்கிறது. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களை நகர்த்திப் பாருங்கள், அது போதும். வெளியே முந்திரி, தைலமரத் தோப்புகளுக்குள் நேர்க்கோடாக மரம் குட்டையாக நிற்கிறதா பாருங்கள். அடியில் கெட்டித்த தளம் இருந்தால் வேர் இறங்காது. வட்டமாகத் தெரிவதையெல்லாம் விமானம் நிறுத்திய இடம் என்று குறிக்காதீர்கள், செங்கல் சூளையும் அப்படித்தான் தெரியும். இங்கிலாந்துத் தளங்களில் அந்த வட்டம் ஏறக்குறைய 45 மீட்டர் விட்டம், பக்கத்தில் வண்டிப்பாதை ஒன்று வந்து சேரும். இரண்டும் இருந்தால் மட்டும் ‘இருக்கலாம்’ என்று எழுதுங்கள்.