ரொட்டேஷனில் ‘ஜி’ மார்க் போனால் சாரிசார்ட் டெக்கில் என்ன மிஞ்சும்?

கொட்டாஞ்சேனைப்_பொடியன்:

எல்லோருக்கும் வணக்கம். போக்கிமொன் கார்டில் என்னிடம் ஒழுங்கான டெக் (விளையாடும் கார்டுக் கட்டு) என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான். சாரிசார்ட் எக்ஸ் (எக்ஸ் என்றால் பலமான வகைப் போக்கிமொன்), கூடவே பிட்ஜியொட் எக்ஸும் டஸ்க்நொயரும். எடுத்து அடுக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஜி மார்க், அதாவது கார்டின் மூலையில் அச்சான எழுத்து ஜி. ரொட்டேஷன் என்றால் பழைய எழுத்துக் கார்டுகளைப் போட்டியிலிருந்து விலக்குவது. 2023 இல் டி போனது, 2024 இல் ஈ, 2025 ஏப்ரல் 11 இல் எஃப், ஆகவே 2026 இல் போவது எந்த எழுத்து என்று யாரும் சாத்திரம் பார்க்கத் தேவையில்லை.

சாரிசார்ட் போனால் போகட்டும், அந்த இடத்தில் வேறொரு பெரிய எக்ஸைப் போட்டு மிச்சத்தை அப்படியே வைத்து விளையாடலாம்தானே? ஞாயிற்றுக்கிழமைகளில் பம்பலப்பிட்டியில் எங்களோடு விளையாடும் ஒரு அண்ணாவிடம் இதைக் கேட்டேன். “தம்பி, போகப்போவது உன் டெக்கின் எலும்பு” என்று சொல்லிவிட்டு 138 பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். எலும்பு என்று எதைச் சொன்னார்? அப்புறம் இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து கார்ட் எடுப்பிக்கும் செலவு எல்லோருக்கும் தெரியும், இப்போதே வாங்கத் தொடங்குவதா, பொறுத்திருப்பதா?

வெள்ளவத்தை_ட்ரகாபல்ட்:

அந்த அண்ணா சொன்னது சரிதான் தம்பி, பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார், அவ்வளவுதான். டெக்கை மேசையில் பரப்பி போக்கிமொன்களை ஒரு பக்கம் தள்ளிவிட்டு ட்ரெயினர் கார்டுகளை, அதாவது போக்கிமொனுக்கு உதவும் கார்டுகளை, மட்டும் பார். ஆர்வன், அயோனோ, நெஸ்ட் போல், சூப்பர் ரொட், கவுண்டர் கேச்சர், டிஎம் எவலூஷன் எல்லாம் ஜி. பிட்ஜியொட் எக்ஸும் ஜி. இப்போது உன் முதல் இரண்டு முறைகளில் என்ன நடக்கிறது என்று யோசி: ஆர்வனைப் போட்டு ஒரு ஐட்டமும் ஒரு டூலும் (இரண்டும் ட்ரெயினர் வகை) தேடி எடுக்கிறாய், நடு நிலையைத் தாண்டி நேராகக் கடைசி நிலைப் போக்கிமொனுக்கு ஏற்றும் ஐட்டமான ரெயார் கேண்டி கைக்கு வருகிறது, பிட்ஜியொட் எழும்புகிறது, அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் டெக்கிலிருந்து விரும்பிய ஒரு கார்ட். இதில் ரெயார் கேண்டியைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. நீ எவ்வளவு பெரிய எக்ஸைக் கொண்டுவந்து போட்டாலும் அதை பென்ச்சிலிருந்து (போக்கிமொன்கள் காத்திருக்கும் பின்வரிசை) எழுப்ப வழியில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பாய்.

ரெயார் கேண்டி எப்படித் தப்பியது என்றால், 2025 செப்டம்பரில் வந்த மெகா எவலூஷன் செட்டில் அது திரும்ப அச்சாகிவிட்டது. அல்ட்ரா போலும் பொஸ்ஸஸ் ஓர்டர்ஸும் அப்படியே. புதிய மார்க்கோடு ஒரு கார்ட் திரும்ப வந்துவிட்டால் அதே பெயரும் அதே வேலையும் உள்ள பழைய பிரதியையும் போடலாம், ஆகையால் இந்த மூன்றையும் தயவு செய்து புதிதாக வாங்காதே. ரொட்டேஷன் வரும்போது ஆக்கள் தேவையில்லாமல் காசைக் கரைப்பது இங்கேதான்.

2024 இல் நடந்ததைச் சொன்னால் இன்னும் விளங்கும். அப்போது போனது பேட்டில் விஐபி பாஸ். உன் முதல் முறையில் மட்டும் போடலாம், டெக்கிலிருந்து எந்த இரண்டு பேசிக் (அடிப்படை நிலை) போக்கிமொனையும் நேராக பென்ச்சில் இறக்கும், அதற்குப் பிறகு கைக்கு வந்தால் குப்பை. அந்த இடத்துக்கு வந்தது படி-படி பொஃபின். எந்த முறையிலும் போடலாம், ஆனால் எச்பி (உயிர்ப் புள்ளி) 70 அல்லது அதற்குக் குறைவான பேசிக் மட்டும். இந்த ஒரு நிபந்தனையால் டெக்குகளின் முகமே மாறிப்போனது. பெரிய பேசிக் போக்கிமொனை முதல் முறையிலேயே இறக்கி அடித்தவர்களுக்கு வேலை கடினமானது, ட்ரீப்பி, டஸ்க்கல் மாதிரி சின்னதில் தொடங்கி மேலே ஏறும் டெக்குகளுக்குக் கதவு திறந்தது. புதிய நட்சத்திரம் எது என்று கேட்பதற்கு முன் புதிய தேடும் கார்ட் எதைத் தேடவிடுகிறது என்று பார், அடுத்த வருடம் எது ஓடும் என்று பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

தெஹிவளை_நிஸ்மி:

அண்ணா தேடுவதைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் அயோனோவைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் சாரிசார்ட் விளையாடுகிற ஆளுக்கு உண்மையான அடி அதுதான்.

சாரிசார்ட் எக்ஸ் 180 அடிக்கும், எதிராளி எடுத்த ஒவ்வொரு ப்ரைஸுக்கும் (போக்கிமொனை வீழ்த்தினால் எடுக்கும் கார்ட், ஆறையும் எடுத்தால் வெற்றி) 30 கூடும். அவர் நாலு எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள், உன் அடி 300. மிச்சமுள்ள ப்ரைஸ் அளவுக்கே கையில் கார்ட் தரும் அயோனோவை அந்த நேரத்தில் போட்டால் அவர் கையில் இரண்டே இரண்டு கார்ட்தான் மிஞ்சும். பின்தங்கினாலும் பயமில்லை, பின்தங்கினால்தான் நல்லது என்கிற மாதிரி ஒரு விளையாட்டு. டஸ்க்நொயர் தன்னையே அழித்துக்கொண்டு 130 சேதம் வைப்பதும், அதனால் எதிராளிக்கு ஒரு ப்ரைஸ் கிடைப்பதும்கூட இந்தக் கணக்குக்குள்ளேயே பொருந்திப் போனது. நீ கொடுத்த ப்ரைஸ் உன் சாரிசார்ட்டுக்கே பலம்.

அயோனோ இல்லாவிட்டால் முன்னால் போனவர் முன்னாலேயே போய்க்கொண்டிருப்பார். அன்ஃபெயார் ஸ்டேம்ப் எச் மார்க், அது நிற்கும், உனக்கு ஐந்து, அவருக்கு இரண்டு கார்ட். ஆனால் அது ஏஸ் ஸ்பெக், முழு டெக்கிலும் ஏஸ் ஸ்பெக் ஒன்றுதான் வைக்கலாம், அதோடு முந்தைய முறையில் உன் போக்கிமொன் ஒன்று விழுந்திருந்தால்தான் போட முடியும். நாலு அயோனோ இருந்த இடத்தில் ஒரே ஒரு ஸ்டேம்ப் என்றால் அதை நம்பி வேண்டுமென்றே பின்தங்க முடியாது. ஆகவே முதலில் ப்ரைஸ் எடுப்பதற்கு டெக்கைத் திருப்ப வேண்டும், இதை மாற்றாமல் கார்டை மட்டும் மாற்றிப் பிரயோசனமில்லை.

மருதானை_மச்சான்:

எலும்பு போனால் டெக் செத்துவிடும் என்பதை நான் அப்படியே ஒத்துக்கொள்ள மாட்டேன் மச்சான்மாரே. 2025 ஏப்ரலில் கார்டெவோர் எக்ஸ் டெக்குக்கு என்ன நடந்தது? ஒரு கார்டை வீசி இரண்டு கார்ட் எடுக்கும் அந்தக் கிர்லியா எஃப் மார்க்கோடு போனது. கை நிரப்புகிற வேலை முழுக்க அதன் தலையில்தான் இருந்தது, ஆகவே இனி அந்த டெக்கை மறந்துவிடலாம் என்று கதைத்த ஆக்கள் கொஞ்சநஞ்சமில்லை. அதே வருடம் ஆகஸ்டில் அனஹைமில் நடந்த உலகப் போட்டியில் மாஸ்டர்ஸ் பிரிவை வென்றது எது? கார்டெவோர் எக்ஸ்தான். வீசிய கார்டுக் குவியலிலிருந்து எனர்ஜியை (அடிக்கத் தேவையான கார்ட்) எடுத்துக் கட்டும் வேலையை கார்டெவோரே செய்கிறது, அது போகவில்லை. கார்ட் எடுக்கிற வேலையைத்தான் ஃபெசான்டிபிட்டி மாதிரி வேறு போக்கிமொன்களிடம் பிரித்துக் கொடுத்தார்கள்.

என்றாலும் தம்பியின் டெக் அந்த மாதிரி இல்லை, இங்கே சாரிசார்ட்டும் போகிறது, தேடுகிறவர்களும் போகிறார்கள். அதனால் அதைப் பிரிக்காமல் அப்படியே பெட்டியில் வை. நம் ஊரில் விளையாடுவதே ஒரு கைப்பிடி ஆக்கள், பழைய டெக்கோடு ஒரு மேசை போடலாம் என்றால் யார் மாட்டேன் என்பார்கள்? சிலிக்கா ஜெல் பைக்கற் ஒன்றும் உள்ளே போடு, கொழும்புப் புழுக்கத்துக்கு பளபளப்புக் கார்டெல்லாம் அப்பளம் மாதிரி வளைகிறது.

வாங்குவதைப் பற்றி: கார்டின் கீழே இடது மூலையைப் பார், ஜி என்றால் கையை எடு. ரொட்டேஷனை நெருங்க நெருங்க அவற்றின் விலை பெரும்பாலும் இறங்கும், மேசை விளையாட்டுக்கு மட்டும் வேண்டுமென்றால் அப்போது வாங்கலாம். எச்சும் அதற்குப் பிறகு வந்ததும் என்றால் தயங்காதே. பார்சலுக்குத் தனித்தனியாக ஆளுக்கொரு செலவு கட்டாமல் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்றாக எடுப்பியுங்கள்.

கொட்டாஞ்சேனைப்_பொடியன்:

மிகவும் நன்றி எல்லோருக்கும், அயோனோ விஷயம் எனக்கு யோசனையிலேயே இருக்கவில்லை. மூலையைப் பார்த்தேன், டஸ்க்கல், டஸ்க்ளொப்ஸ், டஸ்க்நொயர் எல்லாம் எச். அப்போ இதை எதோடு சேர்ப்பது? இன்னொரு கேள்வி, ஆர்வன் இல்லையென்றால் ரெயார் கேண்டியை நாலாகவே வைப்பதா?

வெள்ளவத்தை_ட்ரகாபல்ட்:

என் பெயரைப் பார்த்தாலே பதில் தெரியுமே. ட்ரகாபல்ட் எக்ஸ், முழு வரிசையும் (ட்ரீப்பி, ட்ரக்லோக், ட்ரகாபல்ட்) எச். அது முன்னால் 200 அடித்து, பென்ச்சில் 60 சேதத்தை நீ விரும்பியபடி பிரித்து வைக்கும். 200 உம் டஸ்க்நொயரின் 130 உம் சேர்ந்தால் 330, அதாவது சரியாக ஒரு சாரிசார்ட் எக்ஸின் எச்பி. (உன் பழைய டெக்கையே இதால் அடித்துப் பார், சுவாரசியமாக இருக்கும்.) முக்கியமானது நடுவில் உள்ள ட்ரக்லோக். ஒவ்வொரு முறையும் டெக்கின் மேல் இரண்டு கார்டைப் பார்த்து ஒன்றைக் கைக்கு எடுக்கும். தேடுவதற்கு வெளியாளை நம்பாமல் தன் வரிசைக்குள்ளேயே வைத்திருப்பதால்தான் ரொட்டேஷன் இதை அவ்வளவாக அசைப்பதில்லை.

கேண்டியை நாலாக வைக்காதே. கேண்டி போட்டால் ட்ரக்லோக்கைத் தாண்டிப் போய்விடுவாய், கார்டும் வராது. அதோடு பட்யூ என்று 30 எச்பி மொட்டு ஒன்று இருக்கிறது, எனர்ஜியே இல்லாமல் அடித்து அடுத்த முறை உன்னை ஐட்டம் போடவிடாது, கையில் எத்தனை கேண்டி இருந்தாலும் அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ட்ரீப்பி 4, ட்ரக்லோக் 4, ட்ரகாபல்ட் 3, கேண்டி 2 என்று தொடங்கு, டஸ்க்நொயருக்கு அந்த இரண்டு போதும். காசு கொடுக்கும் முன் போக்கிமொன் கார்ட் ஆப்பில் கட்டி விளையாடிப் பார், இல்லையென்றால் பேப்பரில் அச்சடித்து ஸ்லீவுக்குள் போட்டு ஞாயிறு கொண்டுவா, ட்ரக்லோக் என்னிடம் மேலதிகமாக இரண்டு இருக்கிறது, தருகிறேன்.