ஸ்ட்ராஸ்பர்க்: கல்லூரியில் தந்த நம்பிக்கை பலித்ததா?

வளைபந்து:
சான் டியேகோ ஸ்டேட் பல்கலைக்கழக பேஸ்பால் அணிக்காக 2009-இல் பிட்சர் (பந்து வீசுபவர்) ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க் 109 இன்னிங்ஸில் 195 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) எடுத்தார். 13 வெற்றி, ஒரே தோல்வி, ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் கொடுக்கும் ரன் சராசரி; குறைந்தால் நல்லது) 1.32. முந்தைய வருடம் யூட்டாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 23 ஸ்ட்ரைக்அவுட். இப்படி வந்தவர் அமெரிக்காவின் உச்ச தொழில்முறை லீக்கான மேஜர் லீக்கில் முடித்தது 113 வெற்றி, 62 தோல்வி. வருடத்தின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஒன்றுகூட இல்லை. வாஷிங்டன் நேஷனல்ஸ் கிளப்புடன் போட்ட 24.5 கோடி டாலர் ஒப்பந்தத்துக்குப் பிறகு வீசியது 8 ஆட்டம்தான். இது ஏமாற்றம்தான்.

மேட்டுக்காரன்:
ஈஆர்ஏ 3.24, 1,723 ஸ்ட்ரைக்அவுட். இதையா ஏமாற்றம் என்கிறீர்கள்? 2019 பிளேஆஃபில் (சீசனுக்குப் பிந்தைய நாக்அவுட் தொடர்களில்) 5 வெற்றி, தோல்வியே இல்லை. 36 இன்னிங்ஸில் 47 ஸ்ட்ரைக்அவுட், வாக் (தவறான நான்கு பந்து வீசி பேட்டருக்கு இலவசமாக முதல் பேஸைக் கொடுப்பது) நாலே நாலு. புது வீரர்களைக் கிளப்புகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்டவர்களில், உலகத் தொடர் என்ற இறுதித் தொடரின் எம்விபி (மிகச் சிறந்த வீரர்) ஆன முதல் ஆள் இவர்தான்.

அந்த உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். முதல் இன்னிங்ஸிலேயே எதிரணி ஹூஸ்டன் 2 ரன் எடுத்துவிட்டது. அடுத்து என்ன பந்து வருகிறது என்பதை இவர் கையே காட்டிக் கொடுக்கிறது என்று பிட்சிங் கோச் பால் மென்ஹார்ட் சொல்ல, அதன்பின் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் கிளவுஸை ஆட்ட ஆரம்பித்தார். உள்ளே பிடி மாறுவது வெளியே தெரியாது. அதற்குமேல் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை போனார். கோப்பையை முடிவு செய்த ஏழாவது ஆட்டம் நடந்ததே அதனால்தான்.

வளைபந்து:
ஒரு அக்டோபரை வைத்து மொத்தத்தையும் எடை போட முடியாது. 2012-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் முழங்கைத் தசைநார் கிழிந்து, அதைப் புதிதாக மாற்றிவைக்கும் டாமி ஜான் அறுவை. திரும்பி வந்து 15 வெற்றி, 6 தோல்வி என்று இருந்தவரை, கையைக் காப்பாற்ற வேண்டும் என்று 159⅓ இன்னிங்ஸோடு செப்டம்பரில் உட்கார வைத்தார்கள். அக்டோபர் பிளேஆஃபில் அவர் இல்லாமல், செயின்ட் லூயிஸுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில் 6-0 முன்னிலை போய் 9-7 தோல்வி. சீசனை மே மாதம் தொடங்க வைத்திருந்தால் அதே இன்னிங்ஸ் அக்டோபர் வரை வந்திருக்கும்.

மேட்டுக்காரன்:
அது கிளப் எடுத்த முடிவு, அதை அவர் கணக்கில் எழுதாதீர்கள். 2011-இல் அதே கிளப்பின் பிட்சர் ஜோர்டன் ஸிம்மர்மனையும் அறுவைக்குப் பிறகு 161⅓ இன்னிங்ஸில் நிறுத்தினார்கள், அதே அளவுகோல்தான். நிறுத்தாமல் வீச வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு பிட்சர் மார்க் பிரையர் இருக்கிறார். 2001-இல் யுஎஸ்சி பல்கலைக்கழகத்தில் 15 வெற்றி, 1 தோல்வி, 202 ஸ்ட்ரைக்அவுட். 2003 செப்டம்பரில் சிகாகோ கப்ஸ் கிளப் அவரை ஆட்டத்துக்குச் சராசரியாக 120 பந்துக்கு மேல் வீச வைத்தது. 2006-க்குப் பிறகு மேஜர் லீக்கில் ஆளே இல்லை.

வளைபந்து:
பிரையரைவிட ஸ்ட்ராஸ்பர்க் நீண்ட நாள் ஆடினார் என்பது சரி. ஆனால் முழங்கையைக் காப்பாற்றியும் தோள் போய்விட்டதே? காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையிலான சந்தில் நரம்பு நசுங்கியது. 2021 அறுவையில் ஒரு விலா எலும்பையும் கழுத்துத் தசைகள் இரண்டையும் எடுத்தார்கள். 2022 ஜூனில் ஒரே ஒரு ஆட்டம். கல்லூரியில் மணிக்கு 100 மைலைத் தொட்ட ஃபாஸ்ட்பால் அன்று 90-ஐ ஒட்டியே நின்றது.

மேட்டுக்காரன்:
அந்தத் தோள் 2019-இல் பிளேஆஃபையும் சேர்த்து 245 இன்னிங்ஸ் வீசிய தோள். வாஷிங்டனுக்குக் கோப்பை வந்தது அந்த வருடம்தான். ஒப்பந்தம் அதற்குப் பிறகு வந்தது. 8 ஆட்டத்துக்கு அவ்வளவு பணமா என்ற கேள்வி கையெழுத்து போட்ட கிளப்பிடம் கேட்க வேண்டியது. பிட்சராக அவரை எடைபோட அது உதவாது.