ஸ்பானிஷ் தெரியாத லத்தீனோ பிள்ளைகள் கோடை முகாமில் ஒதுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

நிலவன்:
டெக்சாஸில், கல்லூரிக்குத் தயாராகும் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வழிவந்த) மாணவர்களுக்கு எட்டு நாள் முகாம். பல்கலைக்கழக விடுதியில் தங்கல், 120 பேர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கவுன்சிலர்கள் 12 பேர். லொரென்சோ டி சவாலா இளையோர் சட்டமன்றம் என்ற மாணவர் நிகழ்ச்சியில் இருப்பதுபோலத் தேர்தல், மசோதா, விவாதம் எல்லாம் உண்டு. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்த பிள்ளைகள் இரண்டாம் நாளே ஓரமாகிவிடுகிறார்கள். ஸ்பானிஷ் சரியாகப் பேச வராதவர்களை 'நோ சாபோ' ('எனக்குத் தெரியாது' என்பதன் பிழையான வடிவம்) என்று கேலி செய்வது வேறு. முதல் இரண்டு நாளை எப்படி அமைப்பது? தேர்தலில் தோற்றவர்களை எப்படிக் கையாள்வது?

கயல்விழி:
அறை ஒதுக்கீட்டிலேயே பாதி வேலை முடிந்துவிடும். ஒரே பள்ளியிலிருந்து வரும் இருவரை ஒரே அறையில் போடாதீர்கள். அவர்கள் சாப்பாட்டுக்கும் சேர்ந்தே போவார்கள், மூன்றாவது ஆள் உள்ளே வரவே முடியாது. அதே மாடியில் இருக்கட்டும், போதும். பத்துப் பேருக்கு ஒரு கவுன்சிலர் என்பதால் முதல் மூன்று வேளை சாப்பாட்டுக்கு அந்தப் பத்துப் பேரும் ஒரே மேசை. நான்காவது வேளையிலிருந்து விட்டுவிடுங்கள்.

அறிமுக வட்டத்தில் 'உன் குடும்பம் எங்கிருந்து வந்தது?' என்று கேட்கவே கூடாது. அடுத்த கேள்வி எப்போது வந்தார்கள், எப்படி வந்தார்கள் என்று போய்விடும். குடியேற்ற ஆவணம் பற்றிய பேச்சு வட்டத்துக்குள் வரக் கூடாது. அதற்குப் பதில் 'பாட்டியை எப்படிக் கூப்பிடுவாய்?' என்று கேளுங்கள். அபுவேலா, வெலிட்டா, கிராண்ட்மா, எதைச் சொன்னாலும் சரியான பதில்தான்.

அறிவிப்பு எதையும் ஸ்பானிஷில் மட்டும் சொல்ல வேண்டாம். ஸ்பானிஷில் ஒரு ஜோக் சொன்னால் உடனே ஆங்கிலத்திலும் சொல்லிவிட வேண்டும். அறையே சிரிக்கும்போது ஒருவன் மட்டும் புரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் அவனை வெளியே தள்ளுகிறது.

தாழம்பூ:
'நோ சாபோ' கேலிக்கு: 'எனக்குத் தெரியாது' என்பதற்குச் சரியான வடிவம் 'நோ சே'. ஸ்பானிஷையே தாய்மொழியாகக் கற்கும் குழந்தைகளும் விதிக்கு அடங்காத அந்த வினையை மற்ற வினைகளைப்போலவே மாற்றி 'சாபோ' என்று சொல்வதுண்டு. முதல் நாள் மாலையே கவுன்சிலர் இதைச் சொல்லிவிடட்டும். கேலி கிளம்பிய பிறகு சொன்னால் அதட்டல்போலத்தான் கேட்கும்.

ஸ்பானிஷ் பேசுபவர்களும் ஒரே கூட்டமில்லை. உறிஞ்சுகுழலுக்கு மெக்சிகோவில் போபோத்தே, கொலம்பியாவில் பித்தியோ, டொமினிக்கன் குடியரசில் கலிமேத்தே. 'குவாகுவா' கியூபாவில் பேருந்து, சிலியில் கைக்குழந்தை. டெக்சாஸில் மெக்சிகோ வழிப் பிள்ளைகளே பெரும்பான்மை என்பதால் மற்றவர்கள் பேசத் தெரிந்தும் வாயடைத்துப்போவார்கள். இந்தச் சொற்களைச் சுவரில் ஒட்டித் தொகுக்கும் பொறுப்பை ஸ்பானிஷ் தெரியாத இருவரிடம் கொடுங்கள். கேட்க வேண்டியவர்கள் அவர்கள், சொல்ல வேண்டியவர்கள் மற்றவர்கள். கேள்வி கேட்கிறவரிடம் யாரும் மொழித் தேர்வு வைப்பதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: குவாத்தமாலா, மெக்சிகோவின் ஒஹாக்கா பக்கத்துக் குடும்பங்களில் வீட்டுமொழி ஸ்பானிஷாக இல்லாமல் கிச்சே, மிஷ்டெக் போன்ற பழங்குடி மொழியாக இருக்கலாம். அவர்களிடமும் சொல் கேளுங்கள்.

கடல்நீலம்:
தேர்தல் பற்றி. முடிவு அறிவித்த ஒரு மணி நேரத்துக்குள் தோற்றவர் கையில் வேறு வேலை இருக்க வேண்டும். மசோதா வரைவு, வாக்கு திரட்டுதல், குழுச் செயலர், பேச்சைத் திருத்துதல் என்று பட்டியலை முன்கூட்டியே எழுதி வையுங்கள். 'நன்றாகப் பேசினாய்' என்ற ஆறுதல் அன்று இரவுவரைகூடத் தாங்காது. 'உன் மூன்றாம் பிரிவு வராமல் மசோதா நகராது' என்று யாராவது தேடி வந்தால் அந்தப் பிள்ளை தானாக மேசைக்கு வருவான். பெயரளவுப் பதவி கொடுத்தால் மறுநாளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வீட்டு ஏக்கம் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் இரவுகளில்தான் கனக்கும். போனைப் பிடுங்காதீர்கள், இரவு 9 மணிக்கு அரை மணி நேரம் வீட்டுக்குப் பேச ஒதுக்குங்கள். பிள்ளையை, அதிலும் மகளை, வெளியில் தங்க அனுப்பத் தயங்கும் குடும்பங்கள் உண்டு. முகாமுக்கு இரண்டு வாரம் முன்பே ஸ்பானிஷ் பேசும் கவுன்சிலர் ஒருவர் பெற்றோரை அழைத்து, அறைச் சாவி யாரிடம், இரவுக் காவல் யார், எந்த எண்ணில் கூப்பிடலாம் என்று சொல்லிவிட்டால், மூன்றாம் இரவு 'வந்து கூட்டிப்போங்கள்' என்று பிள்ளை அழும்போது பெற்றோர் வண்டியை எடுப்பதற்கு முன் உங்களைக் கூப்பிடுவார்கள்.