புதுப்பிப்பு: தாத்தாவின் டூல்ஸ் பெட்டியைத் திறந்தோம்

திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்த தாத்தா போன மாதம் தவறியதை எழுதி, அவருடைய டூல்ஸ் பெட்டியை என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பழைய இரும்புக்குப் போட்டுவிடாதே என்றுதான் பலரும் சொன்னீர்கள். போடவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலை, அம்மாவும் மாமாவும் நானும் திறந்தோம். ஒவ்வொரு ஸ்பேனரும் கிரீஸ் தடவி, பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்தது. அடியில் என் அறுந்த கொலுசு. ஏழாம் வகுப்பில் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தது. பாதி பற்றவைத்து வைத்திருக்கிறார்.

1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து வந்த பணிமனை அது. ஊட்டி மலை ரயிலுக்கு அங்கே புதிதாக நீராவி எஞ்சின் செய்தபோது, ஓய்வு பெற்று வருடங்கள் ஆகியும், "நம்ம ஷாப்புல செஞ்சது" என்று தெரு முழுக்கச் சொன்னார். ஆனால் வேலையில் இருந்த காலத்தில் சாயங்காலச் சங்கு ஊதினால் சைக்கிள் நேரே வீட்டுக்குத்தான். டீக்கடையில்கூட நிற்க மாட்டார். பாட்டிக்குக் கண் மங்கிய பிறகு எனக்கு இரட்டைச் சடை போட்டதும் அவர்தான். கயிறு முறுக்குவதுபோல இறுக்கிப் பின்னுவார், ராத்திரி வரை அவிழாது.

பெட்டியை மாமா பையன் எடுத்துக்கொண்டான், அவன்தான் சைக்கிளைப் பிரித்துப் பிரித்து மாட்டுகிறவன். கொலுசு என்னிடம். மீதியை ஆசாரியிடம் கொடுத்துப் பற்றவைக்கலாமா என்று அம்மா கேட்டாள். வேண்டாம் என்றேன்.