கூடலூர் பேப்பரில் பக்கத்து ஊர் யானை வருகிறதே, எப்படி?

பொகவந்தலாவைக்காரன்:
இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெரியம்மா குடும்பம் நீலகிரியின் கூடலூருக்குப் போனது. போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். டீக்கடையில் ஒரு தினத்தந்தியை நாலு பேர் தாள் தாளாகப் பிரித்துப் படிக்கிறார்கள். உள்ளே பக்கத்து ஊரான தேவாலாவில் யானை வாழையைச் சாய்த்த செய்தி, படத்தோடு! இங்கே இலங்கை மலையகத்தில் மண் சரிந்து லயமே (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளே) போனாலும் கொழும்பு பேப்பரில் நாலு வரிதான். அவ்வளவு பெரிய நாட்டில் தேவாலாவுக்கு எப்படி இடம் கிடைக்கிறது? விலையும் மலிவு.

கோவையில் படித்தவன்:
தம்பி, நீங்கள் பார்த்தது கோவைப் பதிப்பு. அன்றைய நெல்லைப் பதிப்பில் அந்த யானை இருந்திருக்காது. 1942இல் ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய பேப்பர். பிறகு ஊர் ஊராக அச்சகம் வைத்தார்கள். முதல் பக்கமும் சினிமாவும் பெரும்பாலும் பொது, மாவட்டப் பக்கம்தான் மாறும். படிக்கிற காலத்தில் ஒரு ஏஜென்டிடம் பேப்பர் போட்டேன். விடியுமுன் வேன் கட்டுகளை இறக்கும். பஸ் ஸ்டாண்டுத் தரையில் உட்கார்ந்து இணைப்பைச் செருகுவோம், கையெல்லாம் மை. மலைக்குப் போகும் கட்டு முந்தியே அச்சாகிவிடும். ராத்திரி கிரிக்கெட் முடிவு அதில் இருக்காது, டவுன் பேப்பரில் இருக்கும். கூடலூர்க்காரர் அதற்கு ஏஜென்டைத்தான் திட்டுவார்!

பதுளை டீச்சர்:
விலையைத் தாங்குவது விளம்பரம். 1990களில் டெல்லியில் டைம்ஸ் ஆஃப் இந்தியா விலையைக் குறைத்தே போட்டியாளர்களைத் திணறடித்தது. மாவட்டப் பக்கம் இருந்தால் உள்ளூர் நகைக்கடையும் விளம்பரம் கொடுக்கும். தாளிலும் கொஞ்சம் வசதி இருந்தது: கரும்புச் சக்கையில் பத்திரிகைத் தாளும் எழுதும் தாளும் செய்யவென்று தமிழ்நாட்டில் கரூர் பக்கம் அரசு ஆலை தொடங்கினார்கள். வெளியிலிருந்தும் நிறைய வாங்குகிறார்கள்தான். நமக்கோ எல்லாமே கப்பலில் வரவேண்டும். 2022இல் டொலர் இல்லாமல் இங்கே பேப்பர்கள் பக்கத்தைக் குறைத்தது ஞாபகம் இருக்கும்.
ஆனால் எனக்கு அந்த மாவட்டப் பக்கத்தில் ஒரு குறை. நெல்லை மாவட்டத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பிரச்சினை என்றால், அது நெல்லைப் பக்கத்தோடு நின்றால் கூடலூர் தொழிலாளிக்கு எப்படித் தெரியும்? பதுளைச் செய்தி நாலு வரியானாலும் ஹட்டனிலும் யாழ்ப்பாணத்திலும் படிக்கிறார்களே.

பொகவந்தலாவைக்காரன்:
நாலு வரி வந்தால் சரிதான் டீச்சர்! அண்ணே, தேவாலாவில் அந்தப் படத்தை எடுத்தவருக்குச் சம்பளம் உண்டா?

கோவையில் படித்தவன்:
பல ஊர்களில் பகுதிநேர நிருபர்தான் தம்பி, செய்திக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். எனக்குத் தெரிந்தவர் ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாணப் படம் எடுக்கும் அதே கேமராதான் யானைக்கும்.