சந்தேகம்: ரிப்போர்ட்டில் ‘ஃபேட்டி ஹைலம்’ என்றால் என்ன? அவசரம்

வைகைச்செல்வி: அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ஃபேட்டி ஹைலம் பிரிசர்வ்டு’ என்று இருக்கிறது. அகராதியில் பார்த்தால் விதையில் உள்ள தழும்பு என்று வருகிறது. கொழுப்பு கூடிவிட்டதா? டாக்டரை நாளைக்குத்தான் பார்க்க முடியும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கொங்குக்காரன்: எந்த இடத்தில் எடுத்த ஸ்கேன்? நெஞ்சா, வயிறா?

பயிர்க்காவலன்: அகராதி சொல்வது சரிதான். தட்டைப்பயறில் கறுப்பாக ஒரு கண் தெரியுமே, அதன் நடுவில் உள்ள வடுதான் ஹைலம். விதையைக் காயோடு பிடித்திருந்த காம்பு விட்டுப்போன இடம்.

பாபு_ஈரோடு: அது தட்டச்சுப் பிழையாக இருக்கும். இலியம், சிறுகுடலின் கடைசிப் பகுதி. என் மாமனார் ரிப்போர்ட்டிலும் வந்தது. அம்மாவுக்கு எண்ணெயைக் குறையுங்கள்.

பழைய_ஸ்டெத்: ஒரு வரியைப் பிய்த்துப் போட்டுவிட்டு அர்த்தம் கேட்காதீர்கள் என்று இங்கே எவ்வளவோ சொல்லியாயிற்று, யாரும் படிப்பதில்லை. ஹைலம் ஓர் உறுப்பின் பெயரே இல்லை. ரத்தக்குழாய்களும் நரம்புகளும் ஓர் உறுப்புக்குள் போய்வரும் பள்ளம் அது. நுரையீரல், சிறுநீரகம், மண்ணீரல் எல்லாவற்றுக்கும் உண்டு. எந்த உறுப்பு என்று தெரியாமல் என்ன சொல்வது? பாபு, குடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வைகைச்செல்வி: கழுத்து. மேலே ‘லிம்ப் நோட்’ என்று இருக்கிறது.

ஸ்கேன்கலா: அப்படியென்றால் நெறி கட்டியதற்கு எடுத்த அல்ட்ராசவுண்ட். பயப்படாதீர்கள் செல்வி. லிம்ப் நோட் என்றால் நிணநீர்க் கணு, அது அவரை விதை வடிவில் இருக்கும். அதன் ஹைலத்தில் கொழுப்பு இயல்பாகவே உண்டு, ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும். ‘பிரிசர்வ்டு’ என்றால் அது கலையாமல் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். சாப்பாட்டில் சேரும் எண்ணெய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. புற்று பரவிய கணுவில் பெரும்பாலும் அந்த வெள்ளை மறைந்து, கணுவும் உருண்டுபோகும். அதனால் இது நல்ல அடையாளம்தான். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். அளவு, வடிவம், ரத்த ஓட்டம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். டாக்டரிடம் முழு ரிப்போர்ட்டையும் காட்டுங்கள்.

கொங்குக்காரன்: தமிழில் இதை ‘வாயில்’ என்று எழுதினால் என்ன? உள்ளே போய்வரும் இடம்தானே.

பழைய_ஸ்டெத்: கூடாது. கல்லீரலில் அப்படிப்பட்ட இடத்துக்குப் ‘போர்ட்டா ஹெபாட்டிஸ்’ என்று பெயர். போர்ட்டா என்றால்தான் வாயில். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் மாணவர்கள் குழம்புவார்கள்.

பயிர்க்காவலன்: லத்தீனில் ஹைலம் என்றால் அற்பமான சின்னஞ்சிறு பொருள். ‘நிஹில்’, அதாவது ஒன்றுமில்லை என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான். வாயிலுக்கு அங்கே இடமே இல்லை. தாவரவியலில் இருக்கும் ‘தழும்பு’ போதும்.

கொங்குக்காரன்: சிறுநீரகத்தில் தழும்பு என்று எழுதிக் கொடுத்தால் படிக்கிறவர் பதறிப்போவார். அங்கே எந்தக் காயமும் இல்லையே.

ஸ்கேன்கலா: நாங்கள் ஹைலம் என்றே சொல்கிறோம். மார்பு எக்ஸ்ரேயிலும் அதே சொல்தான். இடது ஹைலம் வலதைவிடக் கொஞ்சம் மேலே இருப்பது இயல்பு, அதைப் பார்த்தும் பலர் பயப்படுகிறார்கள்.

வைகைச்செல்வி: டாக்டரைப் பார்த்தாச்சு. தொண்டைப் புண்ணால் வந்த நெறியாம், மாத்திரை கொடுத்திருக்கிறார். கலா அக்காவுக்கு நன்றி.

கொங்குக்காரன்: நல்லது. அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். பயிர்க்காவலன், விதைக்குத் தழும்பு சரி. உடம்புக்கு வேண்டாம்.